நீலி கதையும் ஒலிப்புத்தகத் திகில் சிறுகதையும்: நாஞ்சில் நாட்டுச் செவிவழி மரபு சார்ந்த மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

திகில் சிறுகதைகளை ஒலிப்புத்தகமாகக் கேட்பது அண்மைக் காலத்தில் தோன்றிய பழக்கம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், அச்சந்தரும் கதையைச் செவிவழியே துய்த்துவந்த நெடிய மரபு நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டுக்கு உண்டு. முடிவை முன்னரே அறிந்த அவையையும் காத்திருக்க வைக்கும் அம்மரபின் இயல்பை நீலி கதையின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. அதனை அளவுகோலாகக் கொண்டு, புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’, கிருஷ்ணன் நம்பியின் ‘மருமகள் வாக்கு’ ஆகிய கதைகளைக் குரலில் வாசிக்கும்போது எழும் சிக்கல்களை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒலிப்புத்தகம், வில்லுப்பாட்டு, நீலி கதை, அச்சம், மருட்கை, வட்டார வழக்கு

கண்ணின் உரிமையும் செவியின் உரிமையும்

அச்சிட்ட திகில் கதையை வாசிப்பவருக்குச் சில உரிமைகள் உண்டு. பத்தியின் இறுதியில் நிற்கும் சொல்லைக் கண் முன்கூட்டியே தொட்டுவிடலாம். எஞ்சியுள்ள பக்கங்களின் தடிமனை விரல் அறியும். அச்சம் மிகுந்தால் புத்தகத்தை மூடிவைக்கலாம். ஆவல் மிகுந்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டலாம். ஒலிப்புத்தகம் இவ்வுரிமைகளுள் பலவற்றைக் கேட்பவரிடமிருந்து எடுத்து வாசிக்கும் குரலிடம் ஒப்படைக்கிறது. ஒரு வாக்கியத்திற்கும் அடுத்த வாக்கியத்திற்கும் இடையே எவ்வளவு நேரம் செல்ல வேண்டும் என்பதை இப்போது முடிவு செய்வது குரலே. திகில் கதைக்கு இது சிறிய மாற்றமன்று. அக்கதைவகையின் மூலப்பொருளே காலம்.

மறுபுறம், செயலி வேறு சில உரிமைகளை வழங்குகிறது. வாசிப்பின் வேகத்தை ஒன்றரை மடங்காக உயர்த்தலாம். சில வினாடிகள் பின்னோக்கிச் செல்லலாம். உறங்கும் நேரத்தைக் குறித்துவைத்தால் ஒலி தானாக நின்றுவிடும். திரையின் அடியில் நகரும் கோடு, கதை முடிய எத்தனை நிமிடங்கள் உள்ளன என்பதையும் காட்டிக்கொண்டே இருக்கிறது. கொலையாளி பிடிபட்டுவிட்டதாகக் குரல் சொல்லும்போது கோட்டில் இன்னும் பதினோரு நிமிடங்கள் எஞ்சியிருந்தால், பிடிபட்டவர் கொலையாளி அல்லர் என்பது கேட்பவருக்கு அப்போதே விளங்கிவிடும். அச்சுப் புத்தகத்தின் தடிமன் தோராயமாகச் சொன்னதைக் கோடு துல்லியமாகச் சொல்கிறது.

ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் முதலியோரின் மர்மக் கதைகள் இன்று ஒலிவடிவில் கிடைக்கின்றன. இவ்வகை எழுத்தின் பெரும்பகுதி இதழ்களையும் மாத நாவல்களையும் சார்ந்து வளர்ந்தது. வாரத் தொடரில் அத்தியாயத்தின் கடைசி வரி எழுப்பும் கேள்விக்கு விடை காண ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டும். ஒலிப்புத்தகத்தில் அடுத்த அத்தியாயம் சில நொடிகளில் தானாகவே தொடங்கிவிடுகிறது. ஒரு வாரக் காத்திருப்பிற்காகக் கட்டப்பட்ட வரி, மூன்று நொடிக் காத்திருப்பில் வெறும் உரத்த வரியாகக் கேட்கிறது. இதனை எழுத்தாளரின் குறையாகக் கொள்வது நேர்மையன்று. ஓர் ஊடகத்தின் கடிகாரத்திற்கு எழுதியதை மற்றோர் ஊடகத்தின் கடிகாரத்தில் கேட்பதால் நேர்வது அது.

அச்சமும் மருட்கையும்

திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், 1962இல் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் திடுக்கீட்டையும் திகிலையும் பிரித்துக் காட்டியது திறனாய்வுலகில் நன்கு அறியப்பட்டது. மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டைப் பார்வையாளர் அறியாதபோது அது வெடித்தால் சில நொடித் திடுக்கீடு மட்டுமே விளையும். வெடிகுண்டு இருப்பதைப் பார்வையாளர் அறிந்து, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் அறியாதிருந்தால், அவர்களின் சாதாரணப் பேச்சு முழுவதும் திகிலாக மாறும்.

இப்பிரிவினைக்கு இணையான ஒன்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அமைந்திருப்பது கருதத்தக்கது. அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கு அங்கே சொல்லப்படுகின்றன. புதுமையோ மருட்கைக்கு உரிய நிலைக்களன். அதாவது, முன்பின் அறியாத ஒன்று திடீரெனத் தோன்றுவதால் எழுவது வியப்பு. அச்சத்தை எழுப்பும் நான்கும் மனிதர் ஏற்கெனவே அறிந்தவை. காட்டில் புலி உண்டு என்று அறிந்தவருக்கே காட்டு வழி அச்சந்தரும். இந்நூற்பாவைக் கதையாக்க உத்தியை விளக்கும் விதியாகக் கொள்வது மிகை என்றாலும், அச்சத்தையும் புதுமையையும் வேறுவேறாக வைத்த அப்பகுப்பு, கீழே பேசப்படும் வில்லுப்பாட்டு அவையின் நடத்தையை விளக்க ஹிட்ச்காக்கின் கூற்றைவிடப் பொருத்தமாக உள்ளது. திரையரங்கில் வெடிகுண்டைப் பற்றி அறிந்தவருக்கும் அது வெடிக்குமா என்பது தெரியாது. வில்லுப்பாட்டு அவைக்கு அதுவும் தெரியும்.

வில்லடிக்கும் அவை

நாஞ்சில் நாடு எனப்படுவது அகத்தீசுவரம், தோவாளை வட்டங்களைச் சார்ந்த நிலப்பகுதி. இசக்கியம்மன், சுடலைமாடன், முத்தாரம்மன் கோயில்களின் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு நிகழ்கிறது. வில்லின் நாணை வீசுகோலால் அடித்துக் கதை சொல்பவர் தலைமைப் புலவர். குடம், உடுக்கு, தாளம், கட்டை ஆகியவற்றை இசைப்போர் பின்பாட்டும் பாடுவர். அவர் உரைநடையாகச் சொல்லும் இடங்களில் ‘ஆமா’ போடுவர். அகத்தீசுவரம் பகுதியில் வாழ்ந்து 2018இல் மறைந்த பூங்கனி போன்ற பெண்கள் தலைமைப் புலவராக அமர்ந்து பாடிய வரலாறும் இம்மரபிற்கு உண்டு.

இக்கலையின் பனுவல்களையும் நிகழ்த்துதலையும் அ.கா. பெருமாள் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வுநூல், பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என இவற்றைப் பகுத்து, கதைத்தலைவரின் இறப்பு பாடப்படும் கட்டத்தில் சாமியாட்டம் உச்சமடைவதைக் கள ஆய்வின்வழிக் காட்டியது.

திகில் பற்றிய ஆய்வுக்கு இங்கே முதன்மையானது பாட்டின் அமைப்பு. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி என அது நடக்கும். இவற்றுள் வருபொருள் உரைத்தல் என்பது இனிப் பாடப்போகும் கதை இன்னது என்று தொடக்கத்திலேயே அறிவிப்பது. இன்றைய இணைய வழக்கில் சொன்னால் கதையை முன்கூட்டியே உடைத்துவிடுவது. அதன் பின்னரும் அவை விடிய விடிய அமர்ந்திருக்கிறது. பிள்ளைகள் தாயின் மடியில் ஒடுங்குகிறார்கள்.

நீலி கதை இதற்குத் தக்க சான்று. பழையனூர் நீலி பற்றிய குறிப்பு திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே உள்ளது. அதே நீலியைச் சமண சமய வாதியாக மாற்றியது நீலகேசி. தென்கோடியில் இக்கதை இசக்கியம்மன் கதையாக விரிந்தது. கணிகைப் பெண்ணொருத்தியின் பொருளையெல்லாம் கரைத்த காதலன், தன்னைப் பின்தொடர்ந்து வந்தவளைக் கள்ளிக்காட்டில் கொல்கிறான். அவன் மடியில் தலைவைத்து அவள் உறங்குகிறாள். மணலைக் குவித்து அவள் தலையை அதன்மேல் மெல்ல இறக்கிவைத்து எழும் அவன், கல்லைத் தூக்கித் தலையில் போட்டு நகைகளைக் கவர்ந்து செல்கிறான். சாகும்போது அங்கிருந்த கள்ளியைச் சாட்சியாக்கிச் சாகிறாள் அவள். மறுபிறவியில் அவன் செட்டி, அவள் நீலி. கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, தன் கணவன் இவன் என ஊர்ப் பெரியோர் முன் முறையிடுகிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. ஊரார் அவள் பேச்சை நம்பி, அவனைக் காக்கும் கத்தியை அவனிடமிருந்து வாங்கிவிட்டு, இருவரையும் ஓர் அறையில் விடுகின்றனர். வடிவத்திற்கு வடிவம் விவரங்கள் வேறுபட்டாலும் கள்ளி, கல், குழந்தை, கத்தி, மூடிய அறை என்பவை கதையின் மூட்டுகளாக நிற்கின்றன.

இவற்றுள் மணல் குவிக்கும் இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. நிகழ்ச்சியாகப் பார்த்தால் அது ஒரு வரி. பாடுபவர் அதனை ஒரு வரியில் கடப்பதில்லை. அவன் மணலை அள்ளுவது, குவிப்பது, அவள் தலையை அசைக்காமல் நகர்த்துவது என ஒவ்வொன்றும் உரைநடையிலும் பாட்டிலும் மாறி மாறி வரலாம். பின்பாட்டுக்காரர் ஒவ்வொன்றையும் ‘ஆமா’ என ஏற்றுக்கொள்கின்றனர். அந்த ‘ஆமா’ வெறும் ஒத்தூதல் அன்று. அவைக்கும் கதைக்கும் நடுவே அமர்ந்து காலத்தை அளக்கும் கருவி அது. அவை அஞ்சுவது கொலைக்காக மட்டுமன்று. கொலைக்கு முன் எத்தனை ‘ஆமா’ எஞ்சியிருக்கிறது என்பது தெரியாததற்காகவும். என்ன நடக்கும் என்ற கேள்வி தொடக்கத்திலேயே தீர்ந்துவிட்டதால், எப்போது என்ற கேள்வி மட்டும் தனித்து நின்று கூர்மையடைகிறது.

கதைக்கு வெளியேயும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பூசை நேரத்தை ஒட்டி உச்சக்கட்டம் வரவேண்டும். சாமியாடியின் உடல் துடிக்கத் தொடங்கினால் புலவர் கதையை நிறுத்தி வரத்துப்பாட்டிற்கு மாறுவார். ஆட்டம் தணிந்த பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கதையின் வேகத்தைப் புலவர், பின்பாட்டு, சாமியாடி, பூசைமுறை ஆகிய அனைத்தும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. காதொலிப்பானுடன் தனியே படுத்திருக்கும் கேட்பவருக்கு இவற்றுள் எஞ்சுவது ஒரே குரல்.

நாகர்கோவிலை அடுத்துக் கள்ளியங்காடு என்ற ஊர் உண்டு. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் இசக்கி கோயில் கொண்டிருக்கிறாள். இப்பகுதியில் நீலி கதையைக் கேட்டவர்கள் அதன் நிலத்திலேயே நடந்து வீடு திரும்பினர். இவ்வசதி எந்தச் செயலிக்கும் வாய்க்காது என்பதை ஒப்பீட்டில் மறந்துவிடலாகாது.

வாசிப்பா, நிகழ்த்துதலா

ஒலிப்புத்தகத்தை வில்லுப்பாட்டின் நேர் வாரிசாகக் கொள்வதில் ஒரு தடை உண்டு. வில்லுப்பாட்டுப் புலவர் பாடத்தை விரிக்கவும் சுருக்கவும் உரிமை பெற்றவர். ஒலிப்புத்தக வாசிப்பாளருக்கு அவ்வுரிமை இல்லை. எழுத்தாளரின் சொல்லை அப்படியே ஒலிப்பதே அவர் கடமை. அவ்வகையில் அவர் ஏடு வாசிப்பு மரபிற்கு நெருக்கமானவர். இராமாயண வாசிப்பும், சுவாமித்தோப்பை மையமாகக் கொண்ட அகிலத்திரட்டுத் திருவேடு வாசிப்பும் இம்மாவட்டம் நன்கறிந்தவை. அங்கே பாடம் மாறாதது. விளக்கம் சொல்வதாயின் அது தனியே நிற்கும்.

ஆக, திகில் சிறுகதையின் ஒலிப்புத்தகம் கடமையால் ஏடு வாசிப்பைச் சேர்ந்தது. விளைவால் வில்லுப்பாட்டைச் சேர்ந்ததாக இருக்க விழைகிறது. சொல்லைத் தொடாமல் காலத்தை மட்டும் ஆளவேண்டிய இக்கட்டு அதற்கு நேர்கிறது. சொல்லில் கைவைக்க இயலாத தயாரிப்பாளர்கள் பின்னணி இசையில் கைவைக்கின்றனர். கதவு கிறீச்சிடும் ஓசை, நாயின் ஊளை, தாழ்ந்த வயலின் ஆகியன சேர்க்கப்படுகின்றன. வில்லுப்பாட்டின் உடுக்கோடு இதனை ஒப்பிட்டு நியாயப்படுத்துவது பிழை. உடுக்கு ஒலிப்பது அவையில், கதை சொல்பவரின் பக்கத்தில். அது கதையுலகின் ஓசையாக நடிப்பதில்லை. பின்னணி இசையோ அச்சம் வருவதற்கு முன்பே வந்து, இனி அஞ்சுக என்று ஆணையிடுகிறது.

காஞ்சனையின் குரல்

புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ 1943இல் வெளிவந்தது. அவருடைய படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டமையால் இக்கதையை யாரும் தடையின்றி வாசித்துப் பதிவேற்றலாம். பலர் பதிவேற்றியும் உள்ளனர். அதனால் ஒரே கதையைப் பல குரல்களில் ஒப்பிட்டுக் கேட்கும் அரிய வாய்ப்பு ஆய்வாளருக்குக் கிடைக்கிறது.

தன்மைக் கூற்றில் அமைந்த கதை இது. கதைசொல்லி ஓர் எழுத்தாளர். உறக்கம் வராத இரவு, மாறி மாறி வரும் நறுமணமும் பிணவாடையும், பிச்சைக்காரப் பெண்ணொருத்தி வீட்டில் பணிக்குச் சேர்வது, மனைவியின் கழுத்தில் தோன்றும் இரத்தத் துளி எனக் கதை நகர்கிறது. வந்தவள் பேயா, அல்லது எழுத்தாளரின் கற்பனை அவரையே பிடித்தாட்டுகிறதா என்பதைக் கதை தீர்த்துவைப்பதில்லை. தீர்க்காமல் விடுவதற்குப் புதுமைப்பித்தன் கையாளும் கருவி கேலி. தொழிலால் பொய் சொல்பவன் என்று தன்னையே எள்ளும் ஒருவரின் வாக்குமூலத்தை எவ்வளவு தூரம் நம்புவது என்ற ஐயம், பேய் பற்றிய ஐயத்திற்கு முன்பே விதைக்கப்பட்டுவிடுகிறது.

குரல் இங்கேதான் இடறுகிறது. இது பேய்க்கதை என்பதை அறிந்த வாசிப்பாளர் முதல் வரியையே தாழ்ந்த, நடுங்கும் குரலில் தொடங்கிவிடுகிறார். கேலி கரைந்துபோகிறது, கதைசொல்லி ஐயத்திற்குரியவராக அல்லாமல் அச்சத்திற்கு இரையானவராக மட்டும் கேட்கிறார். தாளில் இரு பொருள்பட நின்ற வாக்கியம் காதில் ஒரு பொருளுக்குச் சுருங்குகிறது. வில்லுப்பாட்டுப் புலவரும் முடிவை அறிந்தவரே. ஆனால் நாட்டுவளம் பாடும்போது அவர் நாட்டுவளத்தையே பாடுகிறார்; வயலையும் வாய்க்காலையும் பாடும் குரலில் கொலையின் நிழல் படிவதில்லை. கதை எங்கே நிற்கிறதோ அங்கேயே குரலும் நிற்கிறது. நல்ல திகில் வாசிப்பின் முதல் தகுதி இதுவெனத் தோன்றுகிறது.

‘காஞ்சனை’க்குள்ளேயே பணிப்பெண் வீட்டுக்காரிக்குக் கதை சொல்லும் இடமொன்று உண்டு. அச்சில் அது கடந்துபோகும் செய்தி. ஒலியில் அது வேறொன்றாகிறது: இருட்டில் ஒரு குரல் ஒரு பெண்ணுக்குக் கதை சொல்வதை இருட்டில் இன்னொருவர் ஒரு குரலின் வழிக் கேட்கிறார். அவளுக்கு நேர்ந்தது இவருக்கும் நேரலாம் என்ற எண்ணம் எழுவதற்கு இசை எதுவும் வேண்டியதில்லை. ஒலிவடிவம் கதைக்குப் புதிதாக ஒன்றைக் கொடுக்கும் இடம் இது. இதனை விரைந்து கடந்துவிட்டுக் கழுத்தின் இரத்தத்தில் குரலை உயர்த்தும் வாசிப்புகள் கதையின் நடு நரம்பைத் தவறவிடுகின்றன.

ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்போருக்கு இவையெல்லாம் பொருந்தா. சொற்கள் தெளிவாகவே கேட்கும். மௌனங்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும்.

வழக்கும் ஐயமும்

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்த இம்மாவட்டத்தில், தோவாளைப் பேச்சும் விளவங்கோட்டுப் பேச்சும் ஒன்றல்ல. மேற்கே செல்லச் செல்ல மலையாளத்தின் ஏற்ற இறக்கம் கூடும். ஜெயமோகனின் ‘நிழல்வெளிக் கதைகள்’ போன்ற பேய்க்கதைத் தொகுப்புகளின் பின்புலம் இந்நிலத்தின் யட்சி நம்பிக்கைகளே. இத்தகைய கதைகளில் பேசுபவர் எந்த வட்டத்தவர், எந்தச் சமூகத்தவர், எவ்வளவு கற்றவர் என்பன பேச்சிலேயே புலப்படும். திகில் கதையில் அவை தடயங்களும் ஆகும். ஊருக்குப் புதியவளாக வந்த பெண்ணின் வாயில் ஊர்க்காரர் மட்டுமே சொல்லும் சொல் வந்துவிட்டால், கூர்ந்து கேட்பவருக்கு முதுகு சில்லிடும்.

சென்னைப் பொதுத்தமிழ் உச்சரிப்பில் எல்லாப் பாத்திரங்களையும் சமப்படுத்தி வாசித்தால் அத்தடயம் அழியும். வட்டாரச் சொற்களை நகைச்சுவைப் பாத்திரத்தின் இழுவையோடு ஒலித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். திரைப்படங்கள் நாகர்கோவில் பேச்சைச் சிரிப்பிற்கு உரியதாகப் பழக்கிவிட்டதன் விளைவு இது. அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில்தான் தொடங்கப்பட்டது. உள்ளூர்க் குரலுக்கு ஒலிவாங்கியின் முன் இடமுண்டு என்பதை அப்போதே ஏற்ற ஊர் அது. இம்மண்ணின் கதைகளை இம்மண்ணில் பேசி வளர்ந்தவர் வாசிக்க வேண்டும் என்ற கோரிக்கை ஊர்ப்பற்றிலிருந்து எழுவதன்று. கதையின் பொருள் அதனைக் கேட்கிறது.

அழகியபாண்டியபுரத்தில் 1932இல் பிறந்து 1976இல் மறைந்த கிருஷ்ணன் நம்பியின் ‘மருமகள் வாக்கு’ பேய்க்கதை அன்று. பூனைக்கும் கிளிக்கும் இடையிலான தேர்தல். மாமியார் பூனைக்கு வாக்களிக்கச் சொல்கிறாள். மருமகள் ருக்மிணியின் மனம் கிளியிடம் உள்ளது. வாக்குச்சாவடியில் தனித்து நிற்கும் கணத்தில் அவளுக்குள் மாமியார் வந்து இறங்கிவிடுகிறாள். கை பூனைக்கு முத்திரை குத்திவிடுகிறது. யாருக்குப் போட்டாய் என வெளியே கேட்பவர்களிடம் மாமியாருக்கு என்கிறாள். அஞ்ச ஏதுமில்லாத இக்கதை, முத்திரை தாளைத் தொடும்வரை மூச்சைப் பிடித்துவைக்கிறது.

கொடை விழாவின் ஆவேசத்தை அறிந்த நாஞ்சில் நாட்டு வாசகர், சாவடிக்குள் நிகழ்வதைச் சாமியாட்டத்தின் சாயலில்தான் புரிந்துகொள்வார். ஒருவர் உடலில் மற்றொருவர் ஏறிப் பேசுவது அங்கே உவமை அன்று. ஆண்டுதோறும் காணும் காட்சி. அக்ராகாரத்து மருமகளின் கதையில் நாட்டார் கோயிலின் ஆவேசத்தைக் காண்பது பொருந்துமா என்ற வினா எழலாம். இரண்டும் ஒரே ஊரில், கூப்பிடு தொலைவில் நடப்பவை.

அக்கடைசி விடையை ஒலிப்பதில் ஒலிப்புத்தக வாசிப்பாளர் ஒரு தேர்வைச் செய்தாக வேண்டும். மாமியாருக்கு என்று சொல்வது யாருடைய குரல்? ருக்மிணியின் அழுகையா, அவளுக்குள் இறங்கிய மாமியாரின் உரத்த தொனியா, அல்லது இரண்டிற்கும் நடுவே உணர்ச்சியற்று நிற்கும் ஒலியா? அச்சில் நம்பி இத்தேர்வைச் செய்யாமல் விட்டுவிட முடிந்தது. குரலுக்கு அத்தப்பித்தல் இல்லை. அழுகையாக ஒலித்தால் கதை இரக்கத்தில் முடியும். மாமியாரின் தொனியில் ஒலித்தால், அதுவரை சிரித்துக் கேட்டவருக்கு முதன்முறையாக அச்சம் பிறக்கும். இரண்டாவதே கதைக்கு நெருக்கமானது. மிகையாக நடித்தால் அதுவும் கெடும்.

கதைப்பாடல்களைப் பதிப்பித்த அறிஞர்கள் ஏட்டிலிருந்தும் வாய்மொழியிலிருந்தும் அவற்றைத் தாளுக்குக் கொண்டுவந்தபோது ‘ஆமா’க்களையும் இடைநிறுத்தங்களையும் பெரும்பாலும் விட்டுவிட்டனர். அச்சின் தேவை அது. அவர்களைக் குறைகூற இயலாது. இப்போது பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது. தாளில் பிறந்த சிறுகதை குரலுக்குப் போகிறது. தாளுக்கு வந்தபோது உதிர்ந்தவை எவையெனக் கணக்கெடுக்க, கோயில் கொடைகளில் ஒலிநாடாவிலும் பின்னர்க் குறுந்தகட்டிலும் பதிவான வில்லுப்பாட்டுகள் இன்றும் பலர் வீடுகளில் உள்ளன. மணல் குவிக்கும் இடத்தில் புலவர் எத்தனை நொடி நிற்கிறார் என்பதை அவற்றிலிருந்து அளந்துவிடலாம். நாடாக்களில் பூஞ்சணம் ஏறுவதற்கு முன் அதைச் செய்தாக வேண்டும்.